சேலஞ்சர் ஹாப் ஒன்றை மட்டும் வைத்து 23 லிட்டர் பெஸ்ட் பிட்டர்: எப்போது, எவ்வளவு?

#1 மால்ட்முருகு

கையில் இருப்பது சேலஞ்சர் என்கிற ஹாப், அதாவது பியருக்குக் கசப்பும் மணமும் தருகிற கொடிப்பூ; பொடித்து அமுக்கிய பெல்லட், 100 கிராம் பாக்கெட் ஒன்று. உறையில் ஆல்ஃபா (கசப்பு தரும் அமிலம்) 7.5% என்று போட்டிருக்கிறது. காய்ச்சப் போவது 23 லிட்டர் பெஸ்ட் பிட்டர் என்கிற ஆங்கிலேய பியர், ஓஜி (நொதிக்கும் முன் அடர்த்தி) 1.040. கசப்புக்கும் இதுதான், மணத்துக்கும் இதுதான். வேறு ஹாப் சேர்க்கிற எண்ணம் இல்லை. கசப்பு, மணம் இரண்டுக்கும் ஆகும் என்று எல்லாக் கடைக்காரரும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 60 நிமிடக் கொதிக்குப் போட்ட பிறகு அடுத்தது எப்போது, டிரை ஹாப் (நொதித்த பியரில் சூடில்லாமல் போடுவது) வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கிழக்கு லண்டன் குழாய்த் தண்ணீர், எஸ்-04 ஈஸ்ட், 33 லிட்டர் கொதிகலன். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

#2 ஹைட்ரோமீட்டர்

மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய பார்லி) முதலில் முடித்துவிடுவோம். மாரிஸ் ஆட்டர் பேல் மால்ட் 3.85 கிலோ, 150 ஈபிசி (நிற அளவு) கிரிஸ்டல் மால்ட் 240 கிராம். எஃபிஷியன்சி (மால்ட்டிலிருந்து இறங்கும் சர்க்கரையின் பங்கு) 75% வந்தால் 23 லிட்டருக்கு 1.040 சரியாக நிற்கும். கிரிஸ்டலை இதற்கு மேல் ஏற்ற வேண்டாம். டாஃபி வாசனை தூக்கினால் சேலஞ்சரின் ஆரஞ்சுத் தோல் வாசனை அதற்குள் காணாமல் போகும். 18 டிகிரியில் இருக்கிற மால்ட்டில் 73 டிகிரித் தண்ணீர் 11 லிட்டர் ஊற்றினால் மேஷ் (மால்ட்டும் வெந்நீரும் கலந்த கூழ்) 66-இல் நிற்கும். ஒரு மணி நேரம்.

ஹாப்:

60 நிமிடக் கொதி: 22 கிராம் (18 ஐபியூ, அதாவது கசப்பு அலகு)
10 நிமிடம்: 25 கிராம் (7.5 ஐபியூ)
அடுப்பை அணைத்து, 80 டிகிரிக்கு இறக்கி, 20 நிமிடம் ஊறல்: 40 கிராம் (4 முதல் 5 ஐபியூ)

மொத்தம் 30-ஐ ஒட்டி வரும். மென்பொருள் இல்லாமலே போட்டுப் பார்க்கலாம்: கிராம் × ஆல்ஃபா சதவீதம் × 10 × பயன் விகிதம் ÷ லிட்டர். டின்செத் என்பவரின் சூத்திரத்தில் 1.040 வோர்ட்டுக்கு (நொதிக்காத மால்ட் சாறு) 60 நிமிடப் பயன் விகிதம் 0.252, 10 நிமிடத்துக்கு 0.091. ஆக 22 × 7.5 × 10 × 0.252 ÷ 23 = 18.

ஒன்றைக் கவனியுங்கள். அடுத்த பாக்கெட்டில் ஆல்ஃபா 6.3% என்று இருந்தால் 60 நிமிட அளவை மட்டும் 26 கிராமாக ஏற்றுங்கள். பின்னால் போடுகிற 25, 40 இரண்டும் அப்படியே இருக்கட்டும். அவை எண்ணெய்க்காகப் போடுவது. ஆல்ஃபாவை வைத்து அவற்றை ஏற்றி இறக்கினால் ஒவ்வொரு முறையும் மணம் வேறாகிவிடும். பாதிப்பேர் மென்பொருளில் மொத்த ஐபியூவைப் பிடித்து இழுத்து எல்லா அளவையும் ஒரேயடியாக மாற்றிவிடுகிறார்கள்.

#3 பருத்தித்துறைப்பீப்பா

ஹைட்ரோமீட்டர் சொன்ன கணக்கு சரி. டிரை ஹாப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லை, அதை நான் சொல்லுறன்: வேண்டாம். சேலஞ்சரை சிட்ரா எண்ட அமெரிக்க ஹாப் மாதிரி நினைச்சு நொதிச்ச பியருக்குள்ள கொட்டினால் தேவதாரு மரத்தூள் வாசமும் பச்சைத் தேயிலை வாசமும்தான் முன்னுக்கு வந்து நிக்கும். அதின்ரை நல்ல பக்கம் முழுக்கச் சூட்டிலதான் வெளிய வரும். அந்த 80 டிகிரி ஊறலை 20 நிமிசத்தில முடிக்காமல் 30 ஆக்குங்கோ, அது காணும்.

ஒரே ஹாப்பில செய்ய ஏலுமோ எண்டு ஆருக்கும் சந்தேகம் இருந்தால் கோனிஸ்டன் புளூபேர்ட் பிட்டரைப் பாருங்கோ. லேக் டிஸ்ட்ரிக்டில ஒரு சின்ன மதுவாலை. மாரிஸ் ஆட்டர், கொஞ்சம் கிரிஸ்டல், சேலஞ்சர். 3.6% தான். 1998-இல பிரிட்டனின் சாம்பியன் பியர் எண்டு காம்ரா எண்ட பியர் ஆர்வலர் சங்கம் தெரிஞ்செடுத்தது அதைத்தான். சேலஞ்சர் எப்பிடி இருக்க வேணும் எண்டு நாக்குக்குப் பழக்க வேறை நல்ல வழி இல்லை. காஸ்க்கில, அதாவது உள்ளுக்கையே நொதிச்சு முடியிற பீப்பாவில, கிடைச்சால் அதிலயே குடியுங்கோ. போத்தலில வாறது 4.2%, வாயில நிக்கிற கனம் கொஞ்சம் வேறை.

#4 கொடிக்கால்

இந்த ஹாப்பின் பூர்வீகம் தெரிந்தால் மேலே சொன்ன அளவுகளுக்குக் காரணமும் புரியும்.

கெண்ட் மாவட்டத்து வை கல்லூரியில் உருவாக்கி 1972-இல் வெளியிட்ட ரகம். நார்த்தர்ன் புரூவரின் பேத்தி. நார்த்டௌன் நெருங்கிய சொந்தம். டார்கெட்டும் அதே 1972 வெளியீடுதான். அன்றைக்குத் தேவை இரண்டு. பழைய ஃபக்கிள், கோல்டிங் கொடிகளில் ஆல்ஃபா 4, 5% தான். ஏக்கருக்கு அதைவிட அதிகக் கசப்பு வேண்டும். டௌனி மில்டியூ என்கிற பூஞ்சையைத் தாங்கவும் வேண்டும். டார்கெட் ஆல்ஃபாவைப் பிடித்துக்கொண்டு மணத்தை விட்டுவிட்டது. சேலஞ்சர் நடுவில் நின்றது: ஆல்ஃபா 6.5 முதல் 9%, பீட்டா அமிலம் 4% சுமார், மொத்த எண்ணெய் 100 கிராமுக்கு 1.0 முதல் 1.7 மில்லி.

எண்ணெயில் மிர்சீன் 30–42%, ஹியூமுலீன் 25–32%. அமெரிக்க மண ரகங்களில் மிர்சீன் பாதியைத் தாண்டுவது சாதாரணம். பச்சையாக, பிசின்போல முகத்தில் அடிக்கிற வாசனை அதிலிருந்து வருவது. கொதியில் சீக்கிரம் பறந்துவிடுவதும் அதுதான். சேலஞ்சரில் அது குறைவு என்பதால் கொதிநீரில் இழப்பதற்கும் குறைவு. ஹியூமுலீன் வழி வருகிற மசாலா, மர வாசனை சூட்டைத் தாங்கி நிற்கும். பீப்பா அண்ணன் சொன்ன "சூட்டில்தான் வெளியே வரும்" என்பதன் உள்விவரம் இவ்வளவுதான்.

ஆல்ஃபா அமிலத்தில் கோஹியூமுலோன் என்கிற வகை 20–25%. இது குறைவு, அதனால்தான் கசப்பு வழவழப்பாக இருக்கிறது என்று விற்பனைத் தாள்களில் எழுதுவார்கள். கோஹியூமுலோன் அதிகமானால் கசப்பு முரடாகும் என்பது பழைய நம்பிக்கை. பின்னால் நடந்த சுவைச் சோதனைகள் அதை முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. கசப்பு முரடாவதற்கு ஹாப்பைவிடத் தண்ணீரும் பிஎச்சும் பெரிய காரணம்.

#5 ஈஸ்ட்ஹாம்_ஈஸ்ட்

தண்ணீர் என்றதும் நம்ம துறை வந்துவிட்டது 😀

முருகு, கிழக்கு லண்டன் தண்ணீரைத் தொடாமல் பிட்டர் காய்ச்சினால் எந்த ஹாப் போட்டும் புண்ணியம் இல்லை. தண்ணீர் கம்பெனி அறிக்கையில் ஹார்ட்னஸ் போட்டிருப்பான். நமக்கு வேண்டியது ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தை முறிக்கும் தன்மை. மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கிற சாலிஃபெர்ட் கேஎச் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். வருகிற டிகேஎச் எண்ணை 17.9-ஆல் பெருக்கினால் கால்சியம் கார்பனேட் கணக்கில் பிபிஎம். 12.8 என்று வந்தால் 229.

பிட்டருக்கு 30-க்கு இறக்க வேண்டும், அதாவது 199 குறைய வேண்டும். சிஆர்எஸ் என்று விற்கிற அமிலக் கலவை லிட்டருக்கு 1 மில்லி சுமார் 180 பிபிஎம் இறக்கும். ஆக லிட்டருக்கு 1.1 மில்லி, மொத்தத் தண்ணீர் 33 லிட்டர் என்றால் 36 மில்லி. ஊற்றி நன்றாகக் கலக்கி, குமிழி அடங்குகிறவரை விட்டு, மறுபடி கிட்டில் சோதித்துப் பாருங்கள். இந்தக் கலவையில் ஹைட்ரோகுளோரிக், சல்ஃபியூரிக் இரண்டும் இருப்பதால் ஒவ்வொரு மில்லிக்கும் ஏறத்தாழ 64 பிபிஎம் குளோரைடும் 88 பிபிஎம் சல்ஃபேட்டும் சேர்ந்தே வரும். அதைக் கணக்கில் எடுக்காமல் மேலே ஜிப்சத்தை அள்ளிப் போடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற கூத்து. 33 லிட்டருக்கு ஜிப்சம் 4 கிராம் போதும். சுமார் 68 பிபிஎம் சல்ஃபேட் கூடும். குழாயிலேயே இருப்பதையும் சேர்த்தால் சல்ஃபேட் 200-ஐத் தாண்டும், குளோரைடு 100 சில்லறை. சேலஞ்சருக்கு அது அளவு. பர்ட்டன் தண்ணீர் செய்கிறேன் என்று 400-க்குப் போகாதீர்கள்.

கேம்டன் மாத்திரை அரையை நசுக்கி அதே தண்ணீரில் போட்டுவிடுங்கள், குளோரமின் போகும். போடாவிட்டால் வருகிற டிசிபி என்கிற கிருமிநாசினி வாசனையை ஹாப் மேல் பழி போடுவார்கள்.

எஸ்-04 நல்ல தேர்வு. ஒரு பாக்கெட் 11.5 கிராம், 18 டிகிரியில் ஆரம்பித்து மூன்றாம் நாளுக்கு மேல் 20-க்கு விடுங்கள். எஃப்ஜி (நொதித்த பின் அடர்த்தி) 1.010 பக்கம் வரும், ஆல்கஹால் 3.9%. லண்டன் ஈஎஸ்பி உலர் ஈஸ்ட் வாங்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள்: அது மால்டோட்ரையோஸ் என்கிற சர்க்கரையைத் தொடாது, 1.013, 1.014-இலேயே படுத்துவிடும். அதற்கு மேஷை 64-க்கு இறக்கினால்தான் சரிவரும்.

#6 மால்ட்முருகு

நன்றி அண்ணன்மாரே. மூன்று சந்தேகம்.

ஒன்று, 80 டிகிரிக்கு இறக்குவது எப்படி? குளிர்ந்த தண்ணீர் ஊற்றலாமா? இரண்டு, அந்தச் சூட்டில் மூடி வைத்தால் டிஎம்எஸ், அதாவது வெந்த சோள வாசனை வராதா? மூன்று, பாக்கெட்டில் அறுவடை ஆண்டு இரண்டு வருடம் முந்தையது. வெள்ளி உறை, வேக்யூம் போகவில்லை, கடையில் அலமாரியில்தான் இருந்தது. அந்த 7.5%-ஐ நம்பலாமா?

#7 ஹைட்ரோமீட்டர்

தண்ணீர் ஊற்றி இறக்க வேண்டாம். 25 லிட்டரை 100-இலிருந்து 80-க்கு இறக்க 15 டிகிரித் தண்ணீர் ஏழரை லிட்டருக்கு மேல் வேண்டும். உங்கள் ஓஜி தொலைந்துவிடும். செப்புச் சுருள் சில்லரை (குளிர்விப்பான்) கொதியின் கடைசிப் பத்து நிமிடத்தில் உள்ளே இறக்கி வைத்தால் கிருமியும் போகும். அடுப்பை அணைத்ததும் தண்ணீரைத் திறந்து கலக்கிக்கொண்டே இருந்தால் சில நிமிடத்தில் 80 வரும். தண்ணீரை நிறுத்தி, ஹாப் போட்டு, மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை மெதுவாகக் கிளறினால் போதும், அடித்துக் கலக்க வேண்டாம். வெப்பநிலை 74, 75-க்கு இறங்கினாலும் கவலை இல்லை.

டிஎம்எஸ் பயம் லாகர் மால்ட்டுக்கு உரியது. பிரிட்டிஷ் பேல் மால்ட்டை அதிகச் சூட்டில் உலர்த்துவதால் எஸ்எம்எம் என்கிற மூலப்பொருள் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். ஒரு மணி நேரம் திறந்து கொதிக்க விட்ட வோர்ட்டை அரை மணி மூடி வைப்பதால் ஒன்றும் ஆகாது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். சேலஞ்சர் சேமிப்பில் சுமாருக்கு மேல்: 20 டிகிரியில் ஆறு மாதம் இருந்தால் ஆல்ஃபாவில் 70–85% மிஞ்சும் என்று தரவுத் தாள்கள் சொல்கின்றன. அது காற்றுப்பட்ட முழு ஹாப்புக்கான அளவு; வேக்யூம் உறையில் பெல்லட் அதைவிட நன்றாகத் தாங்கும். ஆனாலும் இரண்டு வருடம் அலமாரி என்றால் 7.5 என்பதை 6 என்று வைத்துக் கணக்குப் போடுவது நியாயம். 60 நிமிட அளவு 27 கிராம் ஆகும்.

அதற்கு முன்னால் மூக்கைக் கேளுங்கள். நாலு பெல்லட்டை உள்ளங்கையில் நசுக்கித் தேயுங்கள். பச்சை நிறம், ஆரஞ்சுத் தோல், மிளகு வாசனை வந்தால் போடலாம். பழுப்பு நிறமும் பழைய சீஸ் வாசனையும் என்றால் ஐசோவேலரிக் அமிலம். அதைக் கடைசியில் போடுகிற பேச்சே வேண்டாம். 60 நிமிடத்துக்குப் போட்டால் வாசனை பெரும்பாலும் கொதியில் போய்விடும், ஆனால் எவ்வளவு கசப்பு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

#8 நெட்டைக்குப்பி

இதே ரகத்தில் வேறு பிரச்சினை. சேலஞ்சர் மட்டும் போட்ட பிட்டர், கணக்கில் 34 ஐபியூ. கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு வறட்டுகிறது. ஆறிப்போன கட்டன் சாயாவைக் குடித்த மாதிரி, விழுங்கிய பிறகும் பல்லில் நிற்கிறது. 40 கிராம் டிரை ஹாப், பத்து நாள், 20 டிகிரி. ஸ்பார்ஜ் தண்ணீருக்கு (மேஷ் முடிந்து மால்ட்டை அலசும் வெந்நீர்) எந்த அமிலமும் சேர்க்கவில்லை. பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் ஆகிறது. ஹாப்தான் காரணமா?

#9 கொடிக்கால்

நீங்கள் சொல்வது கசப்பு இல்லை, துவர்ப்பு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். கசப்பு நாக்கின் பின்புறம் வந்து கரையும். பல்லிலும் ஈறிலும் வறட்டினால் அது பாலிஃபீனால் என்கிற துவர்ப்புப் பொருளின் வேலை. இரண்டு வாசல் வழியாக வந்திருக்கலாம்.

முதல் வாசல் ஸ்பார்ஜ். ஆல்கலினிட்டி அதிகமான தண்ணீரைத் திருத்தாமல் ஊற்றினால் கடைசியில் வடிகிற வோர்ட்டின் பிஎச் 6-க்கு மேல் ஏறும். கூடவே சூடு 77-ஐத் தாண்டினால் மால்ட் உமியிலிருந்து டானின் இறங்கும். கிராவிட்டி 1.008-க்குக் கீழே போனதும் வடிப்பதை நிறுத்துங்கள். கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் நேராகத் தண்ணீரே ஊற்றிக்கொள்ளலாம். ஸ்பார்ஜ் தண்ணீரையும் மேஷ் தண்ணீரைப் போலவே திருத்த வேண்டும். கொதிக்கிற வோர்ட்டின் பிஎச் 5.2–5.3 இருந்தால் கசப்பு சுத்தமாக இருக்கும், 5.6-க்கு மேல் போனால் அதே ஐபியூ முரடாகத் தெரியும்.

இரண்டாவது, அந்தப் பத்து நாள். டிரை ஹாப்பில் எண்ணெய் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது பெரும்பாலும் இலைச் சாறு. போட்டே ஆக வேண்டும் என்றால் 14, 15 டிகிரியில் மூன்று நாள், 23 லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் வேண்டாம். பிறகு 4 டிகிரிக்கு இறக்கி இரண்டு நாள் படிய விட்டு, மேலிருந்து எடுங்கள்.

பெல்லட் தூள் பாட்டிலுக்குள் போயிருந்தால் அதுவே தொண்டையைச் சுரண்டும். ஒரு பாட்டிலை ஃபிரிட்ஜில் ஒரு வாரம் அசையாமல் நிற்கவைத்து, அடியில் இரண்டு விரல் விட்டு ஊற்றிப் பாருங்கள். துவர்ப்பு குறைந்திருந்தால் காரணம் தூள், காத்திருந்தால் சரியாகும். அப்படியே இருந்தால் மால்ட் உமி. அது ஓரளவுக்கு மேல் குறையாது.

#10 பருத்தித்துறைப்பீப்பா

கொடிக்கால் ஐயா சொன்னதோட ஒண்டு. டிரை ஹாப் வாசம்தான் வேணுமெண்டால் அதுக்கு ஃபேர்ஸ்ட் கோல்ட் எண்டு ஒரு பிள்ளை இருக்கு. அதுவும் வை கல்லூரியில பிறந்தது, 1995. விட்பிறட் கோல்டிங் வெரைட்டியும் ஒரு குட்டை ஆண் கொடியும் சேர்ந்து வந்தது. ஆல்ஃபா 6.5 முதல் 10%. மார்மலேட் வாசம், பின்னாலை ஒரு மெல்லிய கறுவா வாசம். காஸ்க்கில போட நல்லாய் ஒத்துவரும்.

கசப்புக்கு சேலஞ்சர், காஸ்க்கில ஃபேர்ஸ்ட் கோல்ட். இந்த இரண்டு பக்கற் வீட்டில இருந்தால் பிட்டருக்கு வேறை ஒண்டும் தேடத் தேவையில்லை. முழுப் பூவை அமத்தி வட்டமாய்ச் செய்த பிளக் கிடைச்சால் இன்னும் சுகம். அது காஸ்க்குக்கு எண்டே செய்தது, ஒவ்வொண்டும் அரை அவுன்ஸ், தூள் வராது.

#11 ஹைட்ரோமீட்டர்

அண்ணையோடு ஒரு இடத்தில் ஒத்துப்போகவில்லை. ஃபர்ஸ்ட் கோல்ட் இரண்டு வேலையும் செய்யும், சரி. ஆனால் அதில் கோஹியூமுலோன் 31–36%. 60 நிமிடத்துக்குப் போட்டால் கசப்பு சேலஞ்சரைவிடக் கூர்மையாகத் தெரிகிறது என்று சொல்பவர்கள் உண்டு. கொடிக்கால் ஐயா அதை நம்பவில்லை என்பது தெரியும். ஆனால் ஒரே வோர்ட்டைப் பிரித்து இரண்டையும் காய்ச்சி ஒப்பிட்டால் வித்தியாசம் இருக்கிறது. காரணம் கோஹியூமுலோனா வேறொன்றா என்பது தனி வழக்கு.

சேலஞ்சர் கிடைக்காத சமயம் மாற்று எது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: நார்த்டௌன் முதல் தேர்வு. ஆல்ஃபா 7–10%, இதே கால அட்டவணையில் 60 நிமிட அளவை மட்டும் திருத்திப் போடலாம். மண்வாசனை சற்றுத் தூக்கல், ஆரஞ்சு குறைவு. பெர்லே, நார்த்தர்ன் புரூவர் இரண்டும் சமாளிக்கும். டார்கெட் 60 நிமிடத்துக்கு மட்டும்: 11% என்றால் 22 × 7.5 ÷ 11 = 15 கிராம். அது அறைச்சூட்டில் சீக்கிரம் கெடும் ரகம், வாங்கியதும் ஃப்ரீசரில் வையுங்கள். ஃபுல்லர்ஸ் லண்டன் பிரைடில் டார்கெட், சேலஞ்சர், நார்த்டௌன் மூன்றும் உண்டு. மூன்றும் ஒத்துப்போகும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

#12 லெஸ்டர்_தோட்டம்

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். வாடகைக்கு எடுத்த அலாட்மென்ட் தோட்டத்தில் ஒரு ஓரம் காலியாக இருக்கிறது, வெயில் நன்றாக விழும். சேலஞ்சர் கிழங்கு வாங்கி நடலாமா? பக்கத்து மனையில் பிளம் மரம் இரண்டு நிற்கிறது, அதனால் ஏதாவது தொல்லை உண்டா?

#13 கொடிக்கால்

நல்ல கேள்வி அக்கா. முதலில் உயரம். சேலஞ்சர் நெட்டைக் கொடி, 5 மீட்டர் கம்பி இல்லாமல் அடங்காது. உங்கள் அலாட்மென்ட்டில் கம்பத்துக்கு உயரக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் ஃபர்ஸ்ட் கோல்ட் நடுங்கள். வேலி ரகம், 2.4 மீட்டர் போதும், ஏணி இல்லாமல் பறிக்கலாம்.

நோய்களில் சேலஞ்சர் டௌனி மில்டியூவை நன்றாகத் தாங்கும். வெர்ட்டிசிலியம் வாடல் வந்தால் தாங்காது. இலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் பட்டை விழுந்து ஓரம் கருகும். தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பாக இருக்கும். மருந்து கிடையாது. தோண்டி எரிக்க வேண்டும், கம்போஸ்ட்டில் போடக்கூடாது, அந்த இடத்தில் மறுபடி ஹாப் வைக்கக் கூடாது. மண்ணில் பல வருடம் இருக்கும் பூஞ்சை அது. கெண்ட் தோட்டங்களை வாட்டியெடுத்ததும், வாடல் தாங்கும் ரகங்களை வை கல்லூரி தேடித் தேடி உருவாக்கியதும் இதனால்தான். ஃபர்ஸ்ட் கோல்ட் இதைத் தாங்கும். ஆனால் டௌனியில் சேலஞ்சர் அளவுக்கு வராது. ஒன்று கிடைத்தால் ஒன்று கிடைக்காது.

பிளம் மரம் பற்றிக் கேட்டது சரியான இடம். ஹாப் அசுவினி குளிர்காலத்தைப் பிளம், டாம்சன், ஸ்லோ மரங்களில்தான் கழிக்கும். மே கடைசியில் சிறகு முளைத்து ஹாப்புக்கு வரும். இலையின் அடிப்பக்கம் புரட்டிப் பாருங்கள். சில பூச்சி இருந்தால் லேடிபேர்ட் பார்த்துக்கொள்ளும். கூட்டமாகிவிட்டால் பூங்கூம்புக்குள் புகுந்து தேன்கழிவு விட்டு, அதன்மேல் கரும்பூஞ்சை வரும். அப்படிக் கறுத்த கூம்பை வோர்ட்டில் போட முடியாது. ஜூலைக்கு முன்பே சோப்புக் கரைசல் அடித்துவிட வேண்டும்.

நடவு நவம்பர் முதல் மார்ச்சுக்குள், செடிக்குச் செடி ஒரு மீட்டர். ஏப்ரலில் முதலில் கிளம்புகிற தடித்த குருத்துகளை வெட்டிவிடுங்கள். அவை வெற்றுத் தண்டு, வேகமாக ஓடி உடையும். அடுத்து வருவதில் கயிற்றுக்கு இரண்டு மூன்று மட்டும் விட்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றிவிடுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் அவிழ்ந்து விழுந்துவிடும். கொடி தலைக்கு மேல் போனதும் அடி ஒரு மீட்டருக்கு இலையைக் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், பூஞ்சை மண்ணிலிருந்து மேலே ஏறாது. முதல் வருடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், மூன்றாம் வருடம்தான் முழு விளைச்சல்.

அறுவடை செப்டம்பரில். கூம்பை அமுக்கினால் காகிதம் மாதிரிச் சரசரத்து மறுபடி நிமிர வேண்டும். பிளந்தால் உள்ளே லுப்புலின் தூள் அடர் மஞ்சளாக இருக்க வேண்டும். ஆரஞ்சாக மாறினால் தாமதம். 50 டிகிரியில் காற்றோட்டமாக உலர்த்துங்கள். இதழ் உலர்ந்ததை வைத்து ஏமாறக் கூடாது, கூம்பின் நடுத்தண்டு வளைக்கும்போது ஒடிய வேண்டும். நடுத்தண்டில் ஈரம் இருந்தால் பையில் அடைத்த பிறகு மொத்தமும் பூசணம். பச்சை ஐந்து பங்குக்கு உலர்ந்தது ஒரு பங்கு.

#14 ஹைட்ரோமீட்டர்

வீட்டில் விளைந்ததற்கு ஆல்ஃபா தெரியாது. அதனால் அதை 10 நிமிடத்துக்கும் 80 டிகிரி ஊறலுக்கும் மட்டும் பயன்படுத்துங்கள். 60 நிமிடத்துக்கு உறையில் எண் போட்ட பாக்கெட். பச்சையாகவே போடுவதென்றால் மேலே சொன்ன 40 கிராமுக்குப் பதில் 200 கிராம். அதில் தண்ணீர் 150 கிராமுக்கு மேல். ஓஜி கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு ஹாப் என்பதால் வோர்ட்டும் அரை லிட்டருக்கு மேல் குடித்துவிடும்.

#15 நெட்டைக்குப்பி

இடையில் ஒன்று: இதை ஊட்டியில் நட்டால் வருமா? குளிர் இருக்கிறதே.

#16 ஈஸ்ட்ஹாம்_ஈஸ்ட்

குளிர் இருக்கிறது, பகல் இல்லை. கெண்ட்டில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். ஊட்டியில் எந்த மாதமும் 13-ஐத் தாண்டாது. பகல் குறுகினால் பூக்கும் கொடி இது. அங்கே இடுப்பளவு வளர்வதற்குள் பூத்துவிடும், விரல்விட்டு எண்ணுகிற கூம்புதான். விளக்குப் போட்டுப் பகலை நீட்டலாம், மின்கட்டணம் பியர் விலையைத் தாண்டும். இன்னொன்று, இங்கிலாந்தில் 1963 முதல் வீட்டில் சொந்தக் குடிக்குக் காய்ச்ச லைசென்ஸ் வேண்டாம். தமிழ்நாட்டில் வீட்டில் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டத்தில் குற்றம். செடியை அழகுக்கு வேண்டுமானால் வையுங்கள்.

#17 மால்ட்முருகு

இறுதித் திட்டம், சரிபார்த்துச் சொல்லுங்கள். உள்ளங்கைச் சோதனை செய்தாயிற்று: பச்சை, மிளகு, ஆரஞ்சு, சீஸ் இல்லை. ஆல்ஃபா 6% என்று வைத்து 27 கிராம் 60 நிமிடம், 25 கிராம் 10 நிமிடம், 40 கிராம் 80 டிகிரியில் 30 நிமிடம். மிச்சம் 8 கிராம். அதை டிரை ஹாப் போட்டுவிடலாமா? பாட்டிலுக்கு சர்க்கரை லிட்டருக்கு 3.7 கிராம், 23 லிட்டருக்கு 85 கிராம், 1.8 வால்யூம் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கும் என்று கணக்கு.

#18 கொடிக்கால்

8 கிராமை ஊறலிலேயே சேர்த்து 48 ஆக்குங்கள். திறந்த பாக்கெட்டில் எட்டுக் கிராமை வைத்துக் காப்பாற்றுவதும் வீண், டிரை ஹாப் போடுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹாப்பில் மாவுச்சத்தை உடைக்கிற நொதிகள் இருக்கின்றன. ஈஸ்ட் தொடாமல் விட்ட டெக்ஸ்ட்ரினை அவை சர்க்கரையாக்கும். 1893-இலேயே பிரவுன், மோரிஸ் என்ற இரண்டு இங்கிலாந்து வேதியியலாளர்கள் காஸ்க் பியரில் இதைக் காட்டிவிட்டார்கள். இப்போதைய ஐபிஏக்காரர்கள் "ஹாப் கிரீப்" என்று புதிதாகக் கண்டுபிடித்த மாதிரிப் பேசுவது அதைத்தான். காஸ்க்கில் அது உதவி, காற்று தானாக உண்டாகும். மூடிய பாட்டிலில் அதுவும் சர்க்கரையும் சேர்ந்தால் திறக்கும்போது பாதி சுவரில். சூட்டில் ஊறியதில் அந்த நொதி செத்துவிடும், பயமில்லை.

#19 ஹைட்ரோமீட்டர்

ஹாப் சரி. சர்க்கரையைத் திருத்துங்கள். ஃபெர்மென்டரில் 23 இருந்தாலும் பாட்டிலுக்குப் போவது 21.5 லிட்டர்தான், அடியில் ஈஸ்ட் படிவு நிற்கும். 21.5 × 3.7 = 80 கிராம். 200 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, பாட்டிலிங் வாளியின் அடியில் முதலில் ஊற்றி, பியரை அதன்மேல் குழாய் வழியாகச் சுழன்று இறங்க விடுங்கள். நுரைக்க விடாதீர்கள். 3.7 என்பது நொதித்து முடிந்தபோது பியர் 20 டிகிரியில் இருந்தால்தான். இடையில் 4-க்கு இறக்கிப் படிய வைத்திருந்தாலும் அந்த 20-ஐத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், பாட்டிலில் அடைக்கும்போது இருக்கிற வெப்பநிலையை இல்லை.

#20 பருத்தித்துறைப்பீப்பா

போத்தலில அடைச்சு ரெண்டு கிழமை 18 டிகிரியில வைச்சுப் பிறகு கீழறைக்கு இறக்குங்கோ. 11, 12 டிகிரியில குடியுங்கோ தம்பி. ஃபிரிட்ஜுக்க இருந்து நேரை எடுத்தால் அந்த ஊறல் வாசம் ஒண்டும் மூக்குக்கு வராது.